மண்புறாச் சங்கத்தின் தொப்பிக்காலம்

சுவிஸின் ஆராவ் நகரத்தில் ஒரு கலியாண மண்டபத்தில், சோற்றுக்கும் ஐஸ்கிறீமுக்கும் இடைப்பட்ட நேரத்தில், இரவீந்திரனின் நிம்மதி கெட்டுப்போனது. கெடுத்தது ஒரு தொப்பி. பச்சைக் கம்பளித் தொப்பி, பக்கத்தில் ஒரு இறகு, முன்னால் ஒரு வெள்ளி வில்லை. அது குந்தியிருந்த தலை அவனுடைய சகலன் தயாநிதியின் தலை, அதாவது மனைவி சரணியாவின் அக்காவைக் கட்டியவரின் தலை. பட்டு வேட்டி சால்வைக்கு மேலே சுவிஸ் வேட்டைக்காரன் தொப்பியும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் வந்தால் சனம் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டாமா? சிரிக்கவில்லை. சுற்றி நின்று விசாரித்தது.

"இது என்ன தொப்பி அண்ணை?"

"மண்புறாச் சங்கத் தொப்பி," என்றார் தயாநிதி, வடையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு. "சனிக்கிழமையில ஓல்டனுக்கு மேல, காட்டுப் பக்கம் போறனாங்கள். துவக்கு, வெடி, அப்பிடி இப்பிடி. சங்கத் தலைவர் என்னோட 'நீ' எண்டுதான் கதைக்கிறவர்."

ஊரில் ஒருவரை 'நீ' என்று சொல்லிப் பாருங்கள், வேலிக் கதியாலைப் பிடுங்கிக்கொண்டு அடிக்க வருவார்கள். சுவிஸில் சங்கதி தலைகீழ். பக்கத்து வீட்டுக்காரன் இருபது வருடம் படியில் கண்டு வணக்கம் சொன்னாலும் 'நீங்கள்'தான். ஒருநாள் அவன் வைன் கிண்ணத்தை உயர்த்தி, "இனி நீ என்றே சொல்லிக்கொள்வோம்" என்றால் அது பட்டமளிப்பு விழா. இரவீந்திரன் ஓல்டனில் ஒரு சாமான் களஞ்சியத்தில் பாரம்தூக்கி வண்டி ஓட்டுகிறவன். அவனுக்கு 'நீ' சொல்லும் சுவிஸ்காரர் மேற்பார்வையாளர் ஒருவர்தான். அது வேறு 'நீ'.

இரவீந்திரனுக்கு வயிறு பற்றி எரிந்தது. இதைப் பூசி மெழுகி எழுத எனக்கு மனமில்லை, அவனுக்கு அது பொறாமைதான், கலப்படம் இல்லாத பொறாமை. தயாநிதிக்கு முதலில் கார் வந்தது, முதலில் வீடு வந்தது, முதலில் சிவப்புச் சுவிஸ் பாஸ்போர்ட் வந்தது. எல்லாவற்றுக்கும் இரவீந்திரன் போய்க் கைகுலுக்கி, கேக் தின்று, வீட்டுக்கு வந்து நெஞ்செரிவுக் குளிசை போட்டான். இப்போது தொப்பியும். ஒரே ஒரு விஷயத்தில், ஒரே ஒரு தடவை, இந்த மனிசனை முந்திவிட்டால் போதும், பிறகு செத்தாலும் பரவாயில்லை என்று அவனுக்குப் பட்டது.

"நானும் அந்தச் சங்கத்தில சேரப்போறன்," என்றான் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில்.

சரணியா சேலைத் தலைப்பைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டே அவனைப் பார்த்தாள். "துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானேப்பா இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள்? இஞ்ச வந்து துவக்கு பிடிக்க ஆரையோ கெஞ்சப் போறியளோ?"

"உமக்கு விளங்காது," என்றான் இரவீந்திரன்.

அடுத்த சனிக்கிழமை அவன் காட்டோரத்துச் சங்க வீட்டுக்குப் போனான். தலைவர் ஹுன்சிக்கர், ஓய்வுபெற்ற காப்புறுதி அதிகாரி, ஆறடிக்கும் மேலே வளர்ந்து அங்கிருந்து கீழே பார்க்கிறவர். பக்கத்தில் சங்கத்தின் சரித்திரப் பொறுப்பாளர் திருமதி லூஷர். முதலில் இரவீந்திரன் அங்கிருந்த அத்தனை பேருக்கும் கைகுலுக்கி, அத்தனை பேரின் பெயரையும் திருப்பிச் சொன்னான். ஒரு பெயரைச் சொன்னபோது நாக்கு பிறழ்ந்ததால் வாசலிலிருந்து மறுபடி தொடங்கச் சொன்னார்கள். தொடங்கினான்.

"நான் எப்ப சுடலாம்?" என்று கேட்டான் கடைசியில், தனக்குத் தெரிந்த டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில்.

ஹுன்சிக்கர் தொண்டையைச் செருமினார்.

"மதிப்புக்குரிய திரு இரவீந்திரன், இந்த விளையாட்டு ஒரே நாளில் பிறக்கவில்லை. முதலில், இங்கிலாந்தில், உயிருள்ள புறாவைக் குழியில் வைத்துப் பழைய தொப்பியால் மூடினார்கள். கயிற்றை இழுத்தால் தொப்பி விழும், புறா பறக்கும், கனவான் சுடுவார். அது பதினெட்டாம் நூற்றாண்டு. பிறகு பெட்டி வந்தது. பிறகு அமெரிக்காவில் கண்ணாடிக் குண்டுகள் வந்தன, உள்ளே இறகு அடைத்து. அதற்கும் பிறகுதான் களிமண் தட்டு, அதாவது மண்புறா. இத்தனையையும் தாண்டித்தான் மனிதகுலம் இங்கே வந்து நிற்கிறது. நீங்கள் மட்டும் நேற்று வந்து இன்றைக்கே இருபத்தோராம் நூற்றாண்டில் நிற்கலாமா?"

"ஏலாது," என்றான் இரவீந்திரன்.

"அழகாகப் புரிந்துகொண்டீர்கள். எங்கள் சங்க விதிகளின்படி புதிய உறுப்பினர் ஒவ்வொருவரும் இந்தச் சரித்திரத்தை ஒழுங்காகக் கடந்து வரவேண்டும். ஒருவரையும் நாங்கள் தடுப்பதில்லை. வரிசைப்படுத்துகிறோம், அவ்வளவுதான்."

அப்படி இரவீந்திரன் பதினெட்டாம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்டான். வேலை சுலபம். புல்தரையில் வெட்டிய குழிக்குள் முழந்தாளில் இருந்து, தலைக்குமேல் ஒரு பழைய கறுத்தத் தொப்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உயிருள்ள புறாவுக்கு இப்போது சட்டத்தில் இடமில்லை. ஆகையால் புறாவின் பொறுப்பும் தொப்பி பிடிப்பவரையே சேரும். "இழு!" என்று மேலே ஒரு கனவான் கூவுவார். இரவீந்திரன் தொப்பியைத் தள்ளிவிட்டு எழுந்து, கைகளை அடித்து, புறாவைப் போலக் குரல் கொடுக்க வேண்டும். கனவான் ஊன்றுகோலை நீட்டி "டுமீல்" என்பார். இரவீந்திரன் புல்லில் விழ வேண்டும். விழுந்தபிறகு எல்லோரும் அவனுக்கு நன்றி சொல்லுவார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது, சுவிஸ்காரர் நன்றி சொல்லாமல் ஒருவரையும் சுடுவதில்லை.

தயாநிதியை அங்கே காணவில்லை. வெவ்வேறு நூற்றாண்டைச் சேர்ந்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்கக்கூடாது என்று சட்டம், நடுவில் ஆளுயரப் பச்சை வேலி. வேலிக்கு அப்பாலிருந்து உண்மையான வெடிச்சத்தம் கேட்கும்போதெல்லாம், "அது தயா அண்ணைதான்," என்று இரவீந்திரன் காதைத் தீட்டிக்கொள்வான். குழிக்குள் மழைத்தண்ணீர் முழந்தாள்வரை நின்றாலும் அவன் அசையமாட்டான்.

முதலாவது மதிப்பீட்டில் திருமதி லூஷர் கண்ணை மூடிக்கொண்டு அவன் குரலைக் கேட்டார்.

"இது நகரப் புறா," என்றார். "ரயில் நிலையத்தில் ரொட்டித்தூள் பொறுக்குவது. உங்கள் குரலில் ஒரு சந்தேகம் தெரிகிறது. எங்களுக்குத் தேவை, சுடப்போகிறார்கள் என்று தெரியாத புறா. நம்பிக்கையோடு வெளியே வரவேண்டும்."

நம்பிக்கை வருவதற்காக இரவீந்திரன் வேலை முடிந்து வந்ததும் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு கூவினான். காற்றுக்குழாய் வழியாக அந்தச் சத்தம் நாலு மாடிக்கும் போனது. அடுத்த கிழமை கட்டடத்தைப் பராமரிக்கும் ஹவுஸ்மைஸ்டர் வந்து, புறாவை விரட்டவென்று பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் காகத்தைத் தொங்கவிட்டார். அதற்கும் குரல் அடங்கவில்லை என்று கண்டு, பால்கனி முழுக்க வலை அடித்துவிட்டுப் போனார். சரணியா வலைக்குள் நின்று மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

"இஞ்சாருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ. அங்க என்னதான் செய்யிறியள்?"

"பயிற்சி."

"என்ன பயிற்சி? துவக்கைத் தொட்டியளோ?"

"ஒவ்வொண்டா வரும். அவசரப்பட ஏலாது. இது சரித்திரம்."

"தயா அத்தான் எத்தினையாம் ஆண்டில நிக்கிறார்?"

அந்தக் கேள்விதான் அவனைக் கொன்றது. அன்று இரவு அவன் சாப்பிடவில்லை.

பொதுக்கூட்டத்தில் இரவீந்திரனை அடுத்த காலத்துக்கு உயர்த்துவதா என்று வாக்கெடுப்பு நடந்தது. கைகள் உயர்ந்தன. ஒரு கை மட்டும் உயரவில்லை. கதவோரத்தில் இருந்த ஒரு கிழவர், எதிர்ப்பு ஒன்றும் இல்லை, சிறகடிப்பில் இன்னும் கொஞ்சம் பதற்றம் இருப்பதாகத் தனக்குப் படுகிறது, ஆகவே நடுநிலை என்றார். ஒருவர் நடுநிலை என்றால் அடுத்த வருடம். இரவீந்திரனின் முகம் விழுந்ததைக் கண்ட திருமதி லூஷர், ஆறுதலாக ஒரு உரை நிகழ்த்தினார்.

"மண்புறாவே இந்தப் பாதையைக் கடந்துதான் வந்தது. அது ஒரு வெளிநாட்டுச் சரக்கு. அமெரிக்காவின் சின்சினாட்டியில் பிறந்தது. தண்ணீரில் சிப்பி வீசி விளையாடிய பிள்ளைகளைப் பார்த்து ஒருவர் உருவாக்கியதாகக் கதை. முதலில் வந்தவை சூளையில் சுட்டு இறுகிப்போனவை, ஈயக் குண்டு பட்டாலும் மணி அடித்த மாதிரிச் சத்தம் மட்டும் வரும், உடையாது. எங்கள் முன்னோர் அவற்றை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு தலைமுறைக்கு வேலிக்கு வெளியே வைத்துக் கவனித்தார்கள். மண்புறா மேல் எங்களுக்கு ஒருபோதும் வெறுப்பு இருந்ததில்லை. நாங்கள் எதிர்பார்க்கும் இடத்தில், எதிர்பார்க்கும் நேரத்தில், எதிர்பார்க்கும் விதமாக அது உடைய வேண்டும் என்றுதான் கேட்டோம். காலப்போக்கில் அது தன்னை மாற்றிக்கொண்டது. இன்றைய தட்டில் சுண்ணாம்புத் தூளும் தார் போன்ற கீலும்தான் இருக்கின்றன. களிமண் அறவே இல்லை. புறாவும் இல்லை. அதனால்தான் அதை இன்று மனதார எங்களுடையது என்கிறோம்."

மண்டபம் உருகிப்போனது. முதலில் கைதட்டியவன் இரவீந்திரன்.

அதன்பிறகு ஒரு சனிக்கிழமை பெருங்காற்று வந்து வேலியில் ஒரு மரக்கிளையை முறித்துப் போட்டது. இரவீந்திரன் குழிக்குள்ளிருந்து தலையை நீட்டினான். கிளை விழுந்த ஓட்டை வழியே பத்தொன்பதாம் நூற்றாண்டு தெரிந்தது.

ஒரு கொட்டகை. அதற்குள் உட்கார ஒரு கதிரை. கதிரையில் தயாநிதி. மடியில் ஒரு சாக்கு இறகு, முன்னால் குவியலாகக் கண்ணாடிக் குண்டுகள். தயாநிதி ஒவ்வொரு இறகாக எடுத்து, தேங்காயெண்ணெய்ப் போத்தலுக்குப் புனல் வைக்கிற கவனத்தோடு குண்டுக்குள் அடைத்துக்கொண்டிருந்தார். காதுக்குள் இறகு, மீசையில் இறகு. ஒரு சாக்கு முடிந்ததும் எழுந்து, அடைத்த குண்டுகளை எல்லாம் கவிழ்த்து இறகை வெளியே தட்டி, மறுபடி முதலிலிருந்து அடைக்கத் தொடங்கினார். கண்ணாடி எறிந்தால் பசுவின் காலில் குத்தும் என்று எப்போதோ தடைசெய்துவிட்டார்களாம், அதனால் அடைப்பதும் தட்டுவதும்தான் வேலை. சுட்டதெல்லாம் யாரோ வெள்ளைக்காரர்கள், இன்னொரு வேலிக்கும் அப்பால்.

துவக்கு! வெடி! அப்பிடி இப்பிடி!

அடேயப்பா, இரவீந்திரனுக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல? குழிக்குள் விழுந்து, தொப்பியை வாயில் அமுக்கிக்கொண்டு சிரித்தான். அன்றைக்கு அவன் விழுந்த விழுகையை அந்த வருடத்தின் சிறந்த விழுகை என்று கனவான்கள் பாராட்டினார்கள். பஸ்ஸில் ஏறியும் சிரித்தான். ஆரெ ஆற்றுப் பாலம் வந்தபோது சிரிப்பு நின்றது.

கதிரை.

அந்த ஆளுக்குக் கதிரை கொடுத்திருக்கிறார்கள். தலைக்குமேல் கூரை. காலடியில் ஒரு சின்ன வெப்பமூட்டியும் கண்ட மாதிரி ஞாபகம். நான் முழந்தாளில், சேற்றில். அவர் கதிரையில், கொட்டகையில். அவரோடு 'நீ', என்னோடு 'நீங்கள்'. யோசிக்க யோசிக்க இரவீந்திரனுக்குக் கண் இருட்டியது. தொப்பியைக் கண்ட அன்றைக்குக்கூட இப்படி எரியவில்லை.

"அத்தான் அங்க தலையணைக்குப் பஞ்சு அடைக்கிற மாதிரி இருந்து இறகு அடைக்கிறாரோ?" சரணியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப விட்டிட்டு வாங்கோவன் அப்பா. ஒருத்தரும் ஒண்டும் சுடேல்லை. கணக்குச் சரி."

"என்ன கணக்குச் சரி? அவர் கதிரையில இருக்கிறார்!"

சரணியா சிரிப்பை நிறுத்தினாள். அவன் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் பார்த்தாள்.

கோடையில் சங்கத்தின் திறந்த நாள் வந்தது. ஊர்ச்சனம் எல்லாம் வரலாம். புதிய உறுப்பினர்களின் குடும்பங்கள் தங்கள் நாட்டு உணவைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். சரணியா விடியவே எழும்பி றோல்ஸும் பற்றிஸும் பொரித்து, பெட்டி பெட்டியாக மேசையில் அடுக்கினாள். அக்கா பிட்டும் கறியும் கொண்டுவந்திருந்தாள். இரவீந்திரன் தன் குழியில் இருந்தான். பார்வையாளர்கள் காணட்டும் என்று அன்றைக்கு வேலிகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். பிள்ளைகள் வந்து அவனைப் படம் எடுத்தன.

மைதானத்தின் மற்றப் பக்கத்தில் ஒரு பலகை: 'விருந்தினர் சூடு. அனுபவம் தேவையில்லை.'

சரணியா பலகாரத் தட்டோடு அந்தப் பக்கம் போனாள். அங்கே நின்ற பயிற்றுநர் ஒரு பற்றிஸைக் கடித்து, உறைப்பில் கண்ணீரோடு சிரித்து, "நீயும் ஒருக்கா சுட்டுப் பாரேன்," என்றார். முதல் வாயிலேயே 'நீ'. அவள் கையில் துவக்கை வைத்து, தோளில் எப்படி அணைப்பது, எங்கே பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தார். சரணியா ஒருதரம் கண்ணை மூடித் திறந்தாள். "இழு!" என்றாள். செம்மஞ்சள் தட்டு ஒன்று வானத்தில் சீறியது. துவக்கு வெடித்தது. தட்டு தூள்தூளாகப் போனது.

சனம் ஆர்ப்பரித்தது. ஹுன்சிக்கரே ஓடிவந்து கைகுலுக்கினார். சரணியாவுக்குச் சிரிப்பு வந்தது. பயத்தையே சுட்டுவிட்டது மாதிரி இருந்தது என்று பிறகு அக்காவிடம் சொன்னாளாம்.

அவள் நேரே குழியடிக்கு வந்து குனிந்தாள். "வாங்கோப்பா! அங்க வரிசையில ஆக்களே இல்லை. நீங்கள் ஆசைப்பட்ட துவக்கு சும்மா கிடக்குது. எழும்பி வாங்கோ!"

இரவீந்திரன் எழும்பத்தான் பார்த்தான். ஒரு கால் வெளியே வந்தும் விட்டது. அப்போது ஒலிபெருக்கியில் தலைவரின் குரல் கேட்டது.

"அன்பான விருந்தினர்களே. இந்த நன்னாளை முன்னிட்டு, இதுவரை காணாத ஒரு சலுகையைச் செயற்குழு ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறது. காத்திருப்போரில் ஒருவர் இடையிலுள்ள காலங்களைத் தாண்டி நேரே உடையாத மண்தட்டுக் காலத்துக்கு உயர்த்தப்படுவார். முன்னுரிமை, இயல்பாகவே, கண்ணாடிக் காலத்தைச் சேர்ந்த நம் நண்பன் தயாநிதிக்கு. ஒரு சிறு நினைவூட்டல். விருந்தினர் துப்பாக்கியைத் தொடும் உறுப்பினர் விருந்தினர் ஆகிவிடுவார். விருந்தினருக்குச் சரித்திரம் கிடையாது."

வெளியே வந்த கால் மறுபடி குழிக்குள் போனது.

கொட்டகையிலிருந்து தயாநிதி வந்தார். இறகு ஒட்டிய முகத்தோடு அங்கே நின்று, தூளாகிப்போன தட்டின் துண்டுகளைப் பார்த்தார், சரணியாவைப் பார்த்தார், குழிக்குள் சகலனைப் பார்த்தார். ஒளிக்க இடமில்லை. முகம் சிவந்துபோனது.

"தம்பி," என்றார் மெல்ல. "கலியாண வீடு வழிய நான் அளந்ததெல்லாம் பச்சைப் பொய். இத்தினை வருஷத்தில நான் ஒரு தோட்டாவைக்கூட கண்ணால காணேல்லை. சனம் கேட்கேக்க வெக்கத்தில சொல்லிப்போட்டன். வாரும், ரெண்டு பேரும் போய் ஆளுக்கொண்டு சுட்டுட்டு வீட்டை போவம்."

"அவர் உங்களை உயர்த்துறன் எண்டு சொல்லுறாரே அண்ணை?"

"உயர்த்தி? உடையாத தட்டைப் பொறுக்கித் துடைச்சு அடுக்குறதாம் அங்க வேலை. எனக்கு இது காணும் அப்பா."

தயாநிதி தொப்பியைக் கழற்றி மேசையில் பிட்டுச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நடந்துபோய்த் துவக்கை எடுத்தார். முதல் வெடி வானத்துக்குப் போனது, இரண்டாவது தட்டைப் பிளந்தது. மனிசன் சின்னப்பிள்ளை மாதிரிக் குதித்தார். அக்கா கைகொட்டினாள். பிறகு மூன்று பேரும் மாறி மாறிச் சுட்டார்கள். ஒரு வெடிக்கு ஒரு கூச்சல்.

ஹுன்சிக்கர் ஒலிபெருக்கியை மறுபடி எடுத்தார். முன்னுரிமை பெற்றவர் விருந்தினராகிவிட்டபடியால், அடுத்த நிலையிலுள்ள திரு இரவீந்திரன் உயர்த்தப்படுகிறார் என்றார். குழியடிக்கு வந்து, வைன் கிண்ணத்தை நீட்டி, ஆறடி உயரத்திலிருந்து புன்னகைத்தார்.

"இனி உனக்கு நான் ஹுன்சிக்கர் இல்லை, பேட்டர். எனக்கு நீ ரவி."

இரவீந்திரனின் கண்கள் கலங்கின. "தயாநிதி அண்ணை திரும்பிச் சேர்ந்தா எங்க நிப்பார்?" என்று கேட்டான்.

"தொப்பிக்காலத்தில். இதே குழியில்."

முந்திவிட்டான்! காரிலும் வீட்டிலும் பாஸ்போர்ட்டிலும் பிந்திய இரவீந்திரன், ஒரேயடியாக ஒரு நூற்றாண்டு முந்திவிட்டான். அவனுக்கு ஒரு துடைக்கும் துணியும் ஒரு கூடையும் கொடுத்தார்கள். சூளையில் சுட்ட பழைய தட்டுகள் புல்லெங்கும் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துடைத்தான். அடுத்த கலியாண மண்டபத்தில் இதைச் சொல்லும்போது தயாநிதியின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துக்கொண்டு, அந்த முகத்தைப் பார்க்கத் திரும்பினான்.

தயாநிதி அவன் பக்கம் பார்க்கவே இல்லை. சரணியாவின் தோளில் துவக்கைச் சரிபண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அக்கா சொன்ன ஏதோ ஒன்றுக்கு மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள். பொறாமைப்படுகிற முகம் ஒன்றுகூட அங்கே இல்லை.

இரவீந்திரன் கூடையைக் கீழே வைத்தான். எட்ட இருந்த வெறுங்குழியைப் பார்த்தான். நெஞ்சில் நெருப்பு மூண்டது, இம்முறை முன்னெப்போதையும்விட மோசமாக.

"அண்ணை!" என்று குரல் உடையக் கத்தினான். "திரும்பிச் சேருங்கோ அண்ணை! குழி சும்மாதான் கிடக்குது! நான் தலைவரோட கதைக்கிறன், அவர் என்னோட இப்ப 'நீ' எண்டுதான் கதைக்கிறவர்!"

"இழு!" என்றார் தயாநிதி, வானத்தைப் பார்த்தபடி.